டெயில் எண்டில் எத்தனை வோல்ட்?

செமஸ்டர் லீவுக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். துணி மூட்டையோடு ஒரு பெரிய கறுப்புப் பெட்டியும் ஆட்டோவிலிருந்து இறங்கியது. அவனுடைய கம்ப்யூட்டர். "அதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?" என்று என் மனைவி கேட்டதற்கு, "வேலை இருக்குதுங்க அம்மிச்சி, முகூர்த்த மாசம்" என்றான். காலேஜில் படித்துக்கொண்டே ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறான். மெஸ் பில்லுக்கும் பஸ் செலவுக்கும் அதில்தான் ஓடுகிறது.

இரண்டாம் நாள் மதியம், நான் ஈஸி சேரில் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து வந்து நின்றான்.

"அப்புச்சி, உங்க மல்டிமீட்டர் இன்னும் வேலை செய்யுதுங்களா?"

பணி ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தூக்கம் போய்விட்டது.

விஷயம் இதுதான். பிராசசரை அதன் கம்பெனி குறித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவைக்கிறான். ஓவர்கிளாக்கிங் என்று பெயர். வேகத்தைக் கூட்டினால் மெஷின் தடுமாறி நின்றுவிடுகிறது. நிற்காமல் ஓட வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அப்படி ஏற்றியிருக்கிறான். எவ்வளவு ஏற்றியிருக்கிறான் என்பதுதான் அவனுக்கே இப்போது தெரியவில்லை. பயாஸில் அவன் எழுதி வைத்தது 1.35 வோல்ட். ஒரு சாஃப்ட்வேர் 1.28 என்கிறது. இன்னொன்று 1.392 என்கிறது. எதை நம்புவது?

"1.4 வரைக்கும் சேஃப்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க அப்புச்சி. 1.39னா ஓரத்துல நிக்கறேன். 1.28னா பயமில்ல."

அந்த பிராசசரும் மதர்போர்டும் என் மகள் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிக் கொடுத்தவை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரே இடத்தை அளந்ததாகச் சொல்லிக்கொண்டு மூன்று மீட்டர் மூன்று எண்ணைக் காட்டினால் என்ன செய்வது என்பது எனக்குத் தெரியும். மின்துறையில் சர்வீஸின் பாதிக்கு மேல் மீட்டர், ரிலே சோதனைப் பிரிவில் கழித்தவன் நான். முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு மீட்டரும் எங்கே நின்றுகொண்டு அளக்கிறது என்பதை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். 1.28 என்று காட்டிய சாஃப்ட்வேர் எதையும் அளக்கவே இல்லை. அதற்குப் பெயர் விஐடி. "எனக்கு இத்தனை வோல்ட் வேண்டும்" என்று பிராசசர் போர்டிடம் கேட்கும் எண். நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஸ்டோருக்கு அனுப்பிய இன்டென்ட். இன்டென்ட்டில் பத்து இன்சுலேட்டர் என்று எழுதியிருப்பதால் பத்தும் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதிலும் இவன் பயாஸில் வோல்ட்டேஜைத் தானே நிலையாக எழுதிவிட்டதால், அந்த இன்டென்ட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

1.392 என்று காட்டியது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப் அளந்த எண். அதை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். 1.376, 1.392, 1.408 என்று மட்டுமே தாவியது. நடுவில் வேறு எண்ணே வரவில்லை. ஒவ்வொரு தாவலும் 16 மில்லிவோல்ட். அந்த மீட்டரின் ஸ்கேலில் அதற்குக் குறைந்த கோடு கிடையாது என்று அர்த்தம். 1.392 என்று மூன்று தசமத்தில் காட்டுவதைப் பார்த்து மயங்கக் கூடாது. அதோடு, அந்த சிப் போர்டில் எந்த இடத்திலிருந்து கம்பி இழுத்து அளக்கிறது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சில போர்டுகளில் வோல்ட்டேஜ் தயாராகும் இடத்துக்குப் பக்கத்தில். நல்ல போர்டுகளில் பிராசசரின் உள்ளேயிருந்தே.

"பக்கத்துல அளந்தா என்ன, தள்ளி அளந்தா என்ன அப்புச்சி? எல்லாம் நாலு இன்ச்சுக்குள்ளதானே இருக்குது?"

"எத்தனை ஆம்பியர் போகுது?"

ஃபுல் லோடில் 195 வாட் என்று காட்டியது. ஒன்றேகால், ஒன்றரை வோல்ட்டில் 195 வாட் என்றால் சுமார் 150 ஆம்பியர். நான் சற்று நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். ஒரு 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் எல்டி பக்கம் ஒரு ஃபேஸில் ஓடும் முழுக் கரண்ட்டே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது இங்கே தீப்பெட்டி அளவு இடத்துக்குள் போகிறது! வழியில் அரை மில்லிஓம் தடை இருந்தால் போதும், 75 மில்லிவோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். நாலு இன்ச்சானாலும் சரி, நாலு கிலோமீட்டரானாலும் சரி, ஓமின் விதி ஒன்றுதான்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று பீரோவுக்கு மேலே இருந்த மீட்டரை எடுத்தேன். புது பேட்டரி போட்டோம். உடனே கம்ப்யூட்டரில் வைக்க விடவில்லை. முதலில் ஒரு புது பென்டார்ச் செல்லை அளக்கச் சொன்னேன். 1.6க்குப் பக்கத்தில் வந்தது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியின் மீட்டரை வாங்கி வந்து அதே செல்லை அளந்தோம். இரண்டும் 2 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போயின. தெரிந்த ஒன்றை அளந்து மீட்டரைச் சோதித்துவிட்டுத்தான் தெரியாததை அளக்க வேண்டும். அளந்து முடித்த பிறகு மறுபடியும் தெரிந்ததை அளந்து, மீட்டர் நடுவில் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த ஃபோர்மேன் எழுதப் படிக்கத் திணறுவார். அவர் கை வைத்த இடத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை.

கேஸின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், பிராசசருக்கு நேர் பின்னால் ஒரு ஜன்னல் போல வெட்டியிருக்கிறார்கள். அங்கே கெப்பாசிட்டர்களின் சால்டர் புள்ளிகள் தெரிகின்றன. அளக்க வேண்டிய இடம் அது. பக்கத்திலேயே 12 வோல்ட் வரும் புள்ளிகளும் இருக்கின்றன. முனை கொஞ்சம் வழுக்கி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் 12 வோல்ட் நேராக பிராசசருக்குள் போய்விடும். அதற்கப்புறம் எந்த வோல்ட்டேஜ் சேஃப் என்ற கேள்வியே இருக்காது.

ப்ரோபைக் கையில் எடுத்தேன். முனை ஆடியது. மேலும் கீழுமாக, நன்றாகத் தெரியும்படி. காபி டம்ளர் பிடிக்கும்போது ஆடுவது எனக்குத் தெரியும். ப்ரோபோடு ஆடுவதை அன்றுதான் பார்த்தேன். பேரனும் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை.

"நீ பிடி சாமி. நான் மீட்டரைப் பாக்கறேன்."

ப்ரோபின் முனையில் 2 மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி விட்டு மீதிக்கு ஸ்லீவ் போட்டோம். கறுப்பு வயருக்கு ஒரு கிளிப் மாட்டி, பவர் சப்ளையின் கறுப்பு வயர் முனையில் முதலிலேயே கவ்வ வைத்தோம். "ஒரு கை ப்ரோபுல. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால. மூச்சை விட்டுட்டுத் தொடு." 1.35 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் பழக்கம் சின்ன வோல்ட்டேஜில்தான் வர வேண்டும்.

சும்மா இருக்கும்போது 1.352. ஃபுல் லோடு கொடுத்தபோது 1.371.

அவனுக்கு சந்தோஷம். "பாத்தீங்களா, 1.39 இல்ல! 1.37தான்!"

எனக்கு அந்த எண்ணைவிட அது போன திசைதான் உறுத்தியது. லோடு ஏறினால் வோல்ட்டேஜ் இறங்க வேண்டும். இங்கே ஏறுகிறதே?

"எல்எல்சியை மேக்ஸிமத்துல வெச்சிருக்கேனுங்க" என்றான். லோடு லைன் காலிபரேஷன். லோடு வரும்போது விழும் வோல்ட்டேஜை ஈடுகட்ட, போர்டு தானாகக் கூடுதலாக ஏற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. வைக்காவிட்டால் லோடில் வோல்ட்டேஜ் இறங்கி மெஷின் நின்றுவிடுகிறது, அதனால் ஃபுல்லாக வைத்துவிட்டேன் என்றான்.

"லோடு சடார்னு போனா?"

"போனா... குறைச்சுக்கும்."

"குறைச்சுக்கறதுக்குள்ள?"

அவன் பதில் சொல்லவில்லை. நான் அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். என் மனைவிக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

1983. தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்து டிரான்ஸ்ஃபார்மர். அதிலிருந்து எல்டி லைன் நீளமாகத் தோட்டங்களுக்குள் போகும். கடைசிக் கம்பத்துத் தோட்டக்காரர், கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் எடுக்கவில்லை என்று வாரா வாரம் ஆபீசுக்கு வருவார். இரண்டு முறை காயில் கருகி ரீவைண்டிங் செய்திருந்தார். மிளகாய்ச் செடி கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் போய் அவர் மோட்டார் ரூமில் அளந்தேன். 172 வோல்ட். சட்டப்படி 240 வோல்ட்டில் 6 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதாவது 226க்குக் கீழே வரக் கூடாது. லைனுக்குப் பெரிய கம்பி போட வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். இரண்டுக்கும் எஸ்டிமேட் போட்டு சாங்ஷன் வருவதற்குள் மிளகாய் இருக்காது.

நானே ஒரு முடிவு எடுத்தேன். சப்ளையை நிறுத்தி, டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை மூன்று படி ஏற்றிக் கடைசிப் படியில் வைத்தேன். திரும்பப் போய் அளந்தேன். 185. மோட்டார் எடுத்தது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு முப்பத்திரண்டு வயது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று ராத்திரி கோடை மழை கொட்டியது. மழை வந்தால் யார் மோட்டார் ஓட்டுவார்கள்? அத்தனை பம்ப்செட்டும் நின்றுவிட்டது. லோடே இல்லை. 11 கேவி லைனிலும் வோல்ட்டேஜ் ஏறியிருக்கும். மறுநாள் காலையில் நான் டிரான்ஸ்ஃபார்மரடியில் அளந்தபோது 275. ராத்திரி எவ்வளவு இருந்ததோ.

டெயில் எண்டில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில்தான் பல்புகள் போயிருந்தன. அதில் ஒரு வீட்டில் ஒரு ஆத்தா தனியாக இருந்தார். பட்டாளத்திலிருந்த மகன் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த வால்வு ரேடியோ ஒன்று வைத்திருந்தார். காலையிலும் ராத்திரியிலும் நியூஸ் கேட்பார். அதுவும் புகைந்துபோயிருந்தது. நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து அதன் மரப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி இடி விழுந்துச்சுங்க தம்பி. அதுல போயிருச்சு. ஆண்டவன் செஞ்சதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?"

நான் "ஆமாங்க ஆத்தா" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைதான். டேப்பை இறக்கி வைத்தேன். சம்பளம் வந்ததும் ரேடியோவை டவுனுக்கு எடுத்துப்போய் ரிப்பேர் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த மாதம் வேறு செலவு வந்தது. அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபர் வந்தது.

பேரன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "அப்புறம் எப்பவாவது போய்ச் சொன்னீங்களா அப்புச்சி?"

"இல்ல சாமி."

நான் செய்த தப்பு டேப்பை ஏற்றியது மட்டுமல்ல. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்துவிட்டு, எண் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போனதுதான். டெயில் எண்டில் அளந்த நான் டிரான்ஸ்ஃபார்மரடியில் அளக்கவில்லை. பகலில் அளந்த நான் ராத்திரி அளக்கவில்லை. இவனுடைய எல்எல்சியும் அதே டேப்தான். லோடு இருக்கும்போது விழுவதை ஈடுகட்ட ஏற்றி வைக்கிறோம். லோடு திடீரென்று விலகும் கணத்தில் ஏற்றியது அப்படியே நிற்கும். அந்தத் துள்ளல் மைக்ரோ செகண்டுகளில் முடிந்துவிடும். என் மல்டிமீட்டர் ஒரு செகண்டில் சில தடவைதான் பார்க்கிறது, அதுவும் சராசரியை. அவனுடைய சாஃப்ட்வேரும் அப்படித்தான். அதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். நாம் பார்க்கவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. லோடில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும்படி கம்பெனிக்காரர்கள் வடிவமைப்பதே, லோடு விலகும்போது துள்ளுவதற்கு இடம் இருக்கட்டும் என்றுதான்.

"அப்ப எத்தனை வோல்ட்தான் சேஃப்?"

எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. நான் படித்த காலத்து 8085 சிப் 5 வோல்ட்டில் ஓடியது. 1998ல் வந்த செலரான் 300ஏ 2 வோல்ட்டில் ஓடியது. அதன் பஸ் வேகத்தை 66லிருந்து 100க்கு மாற்றி 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450ல் ஓட்டியவர்கள் ஏராளம். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சிறியதாக ஆக ஆக, அதன் காப்புப் படலமும் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. அன்றைக்கு சேஃபான 2 வோல்ட் இன்றைய சிப்புக்கு எமன்.

சூட்டையும் கரண்ட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் காகிதத்துக்கு, அளவுக்கு மேல் 6 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு கணக்கு வைத்திருந்தோம். சிப்பிலும் அது போன்ற கணக்கு உண்டு. நூலினும் மெல்லிய உலோகக் கம்பிகளில் அடர்த்தியாகக் கரண்ட் பாய்ந்தால் உலோக அணுக்களே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். சூடு கூடக் கூட அது வேகமாகும். இன்று ஓடும், நாளை ஓடும், ஒரு வருடம் கழித்துக் காரணமே தெரியாமல் நிற்கும்.

கம்பெனி வைத்த அளவிலேயே ஓட்டியும் சிக்கல் வந்ததுண்டு. 2023ல் ஏஎம்டியின் சில பிராசசர்கள் கருகியபோது, எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3க்கு மேல் போகாதபடி பூட்டினார்கள். 2024ல் இன்டெல், தன் 13, 14ஆம் தலைமுறை சிப்புகளில் சில தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்பதாக ஒப்புக்கொண்டு, 1.55க்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோடைத் திருத்தியது. அந்த சிப்புகளின் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. இதையெல்லாம் பேரன்தான் எனக்குச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு அவனே, "ஓவர்கிளாக் பண்ணாதவங்களுக்கே அப்படின்னா..." என்று இழுத்தான்.

அன்று சாயங்காலம் தொடங்கி ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்தோம். கேள்வியைத் திருப்பிப் போட்டோம். 'எவ்வளவு வரை ஏற்றலாம்' என்பதை விட்டுவிட்டு 'எவ்வளவு இருந்தால் போதும்' என்று தேடினோம். 5.2 கிகாஹெர்ட்ஸை 5.1க்கு இறக்கினான். எல்எல்சியை நடுவில் வைத்தான். வோல்ட்டேஜை 10 மில்லிவோல்ட், 10 மில்லிவோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் லோடு கொடுத்தோம். பயாஸில் 1.28 வைத்தபோது நின்றது. ஒரு படி ஏற்றி 1.29ல் நிறுத்தினோம். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் ஓடிக்கொண்டிருந்தது. பிழைப் பதிவிலும் ஒன்றும் இல்லை.

மறுபடி செல்லை அளந்தோம், பிறகு பின்பக்க ஜன்னலில் அளந்தோம். சும்மா இருக்கும்போது 1.287, லோடில் 1.240. இப்போது லோடில் இறங்குகிறது. வோல்ட்டேஜின் வர்க்கத்தில்தான் சூடு ஏறும், இறங்கும். 1.37லிருந்து 1.24க்கு வந்தால் அதிலேயே 18 சதவீதம் குறையும். 96 டிகிரி காட்டிய பிராசசர் 82ல் நின்றது. ஐம்பது நிமிடம் எடுத்த ஒரு கல்யாண வீடியோ இப்போது ஐம்பத்தொரு நிமிடம் எடுக்கிறது. "அந்த ஒரு நிமிசத்துல நான் ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல" என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தான். தேதி, அறையின் வெப்பம், எந்த மீட்டர், எந்த இடத்தில் அளந்தது, சும்மா இருக்கும்போது எத்தனை, லோடில் எத்தனை, பிராசசர் எத்தனை டிகிரி. சப்ஸ்டேஷன் லாக் ஷீட் மாதிரியே இருந்தது. கீழே 'சோதித்தவர்' என்று அவன் கையெழுத்துப் போட்டான். 'மேற்பார்வை' என்று ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினான். கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மடித்து, கேஸின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றிவிட்டுக் கேட்டான்: "அந்த ஊரு பேரு என்னங்க அப்புச்சி? அடுத்த லீவுல போய்ட்டு வரலாமா?"

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆத்தா இருக்க மாட்டார். மகன் இருந்தால் அவருக்கும் என் வயது இருக்கும். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் ஊர் பேரைச் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டான்.